குகை வாசலில் ஒரு ஜோடி செருப்பு

போன மாதம் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் கீர்த்தனா. ஒரு காலத்தில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"ஆன்ட்டி, இந்த வருஷம் டூர்ல ஒரு குகையும் கோட்டையும் பாக்கப் போறோம். நாலு பஸ். எல்லார் கையிலயும் பட்டை கட்டி, செல்போன்லயே ஆள் கணக்கு எடுத்துருவோம். உங்க டைம்ல எப்படி எண்ணுவீங்க?"

ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. குகை என்று சொன்னதும் அந்தக் கோபம் இறங்கி, பழைய நாள் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. "விரலால எண்ணுவோம்மா" என்றேன். சிரித்தாள். கம்பெனி மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், சுருக்கமாக இருக்கட்டும் என்றாள். சுருக்கம் எனக்கு என்றைக்குமே வந்ததில்லை. வேண்டாத இடத்தை அவளே வெட்டிக்கொள்ளட்டும்.

நான் மும்தாஜ். கிருஷ்ணகிரிக்காரி. அத்தா மாங்காய் மண்டி வைத்திருந்தார். மண்டியில் கணக்கு எழுதப் போகிறேன் என்றேன், கூடாது என்றார். டைப்ரைட்டிங் படித்தேன், சரி என்றார். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் ஊர் ஊராகத் தேடிய காலம். மின்சார மீட்டருக்கு உள்பாகம் கோக்கும் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வாய் கொஞ்சம் நீளம் என்று கண்டுபிடித்து, சீக்கிரமே தொழிலாளர் நலப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். கேன்டீன் சாம்பாரில் உப்பு அதிகம் என்பதிலிருந்து, வீட்டில் வேலைக்கு விடமாட்டேன் என்கிறார்கள் அக்கா என்பது வரைக்கும் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்.

புதுப் பெண்களுக்கு முதல் நாள் பாடம் எடுப்பதும் என் வேலை. அதில் ஒரு பாடத்தை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மின்சார மீட்டர் செய்கிற எங்களுக்கு மின்சாரம்தான் கிடைக்காது. நினைத்தால் போகும், நினைத்தால் வரும். கரண்ட் போனவுடன் பெண்கள் திடுக்கென்று எழுந்தால் மேஜை ஆடும், முடி போன்ற சுருள் ஸ்பிரிங் எல்லாம் தரையில் கொட்டிவிடும். அதைவிட மோசம், இருட்டில் யாராவது பஞ்சிங் மிஷின் பக்கம் நடந்து போய்க் கை வைத்திருக்கும்போது கரண்ட் திரும்பி வருவது. அதனால் ஒரு சட்டம்: "கரண்ட் போனா கை மடியில. இருக்கற இடத்துலயே உக்காரு. வெளிச்சம் வந்தப்பறம்தான் எழுந்திருக்கணும்." சொன்னால் போதாது என்று நானே மெயின் சுவிட்சை அணைத்துப் பார்ப்பேன். எழுந்தவளை மறுபடியும் உட்கார வைத்து மறுபடியும் அணைப்பேன். இந்த அக்காவுக்கு வேறு வேலை இல்லை என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டுமே, விரல் பத்தும் மிச்சம்.

என் மேலதிகாரி சம்பத் சார், நலத்துறை அதிகாரி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்தக் காரியத்துக்கும் "நீங்க என்ன நெனைக்கறீங்க?" என்று கேட்பார். நாம் மூச்சு விடாமல் சொல்வதை எல்லாம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைப்பார். பிறகு தான் நினைத்ததைச் செய்வார். கோபம் வந்தால் "நல்லது" என்பார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஃபோர்மேன்களே நடுங்குவார்கள்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா. அந்த வருஷம் ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு மலை. மேலே இடிந்த கோட்டை, பாதி மலையில் குகை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே கூட்டம் கிளம்பிவிடும், பாவம் அந்தக் குரங்குகள்.

பாகம் கோக்கும் அசெம்பிளி லைனில் வெங்கடலட்சுமி என்று ஒரு பெண். உத்தனப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. நல்ல கைவேலைக்காரி. கிட்டப்பார்வை என்று கம்பெனி டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தார், வேலை நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்வாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கண்ணாடி விஷயம் தெரியாது, தெரியவும் கூடாது என்று அவள் அப்பா நாராயணப்பா சொல்லி வைத்திருந்தார். சுற்றுலாவுக்கும் விடமாட்டேன் என்றார். "இதான் கடைசி வருஷம்கா" என்று அந்தப் பெண் என் மேஜை முன்னால் நின்று கண்ணைக் கசக்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்கே போனேன்.

நாராயணப்பா கொல்லையிலிருந்து தக்காளிக் கூடையோடு வந்தார். நான் சொன்னதை எல்லாம் நின்றபடியே கேட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விட்ருவீங்களாம்மா?"

"நான் பொறுப்பு."

"உங்களப் பாத்துதான் அனுப்பறேன். ஏதாச்சும் ஒண்ணுன்னா, டூரும் வேணாம், வேலையும் வேணாம், வீட்டோட நிறுத்திக்குவேன்."

அவர் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அந்தப் பெண்ணின் சம்பளத்தைவிட அந்த வேலைதான் அவளுக்குப் பெரிது என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்கு வரலாம் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை வாங்கி வைத்திருந்தாள். அந்த வார்த்தையை இப்போது என் கையில் கொடுத்து அனுப்பினார்.

சுற்றுலா அன்று காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கேன்டீன் புளியோதரை, கோட்டை மதிலில் ஏறி போட்டோ, குரங்கு ஒருவர் தொப்பியைப் பிடுங்கியது, எல்லாம் ஆயிற்று. மதியத்துக்கு மேல் குகை.

குகையைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதப்பன். கையில் பெட்ரோமாக்ஸ், வாயில் வெற்றிலை. குகை சின்னது, எல்லோரும் ஒன்றாக நுழைய முடியாது. எங்கள் தொழிலாளிகளோ மூன்று மொழிக்காரர்கள். ஆகையால் அங்கே ஒரு வழக்கம் உண்டு: தமிழ்க்காரர் முதலில், கன்னடக்காரர் அடுத்து, தெலுங்குக்காரர் கடைசி. மாதப்பன் ஒவ்வொரு குழுவையும் கூட்டிக்கொண்டு போய் அவரவர் மொழியில் கதை சொல்லி வெளியே கொண்டுவருவார். உள்ளே ஒரு அம்மன் கல் இருப்பதால் செருப்பை வாசலிலேயே விட வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் பின்னால் டார்ச்சோடு எங்கள் ஆள் ஒருவர். முதல் குழுவுக்கு நான், மூன்றாவதற்கு ஸ்டோர்ஸ் கோபால். வாசலில் சம்பத் சார். குனிந்து வெளியே வருகிற ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணுவார். மூன்று குழுவும் வந்து முடிந்தால் பஸ்ஸில் வந்த ஆள் கணக்கும் இதுவும் சரியாக இருக்க வேண்டும். தொடாமல் எண்ணினால் அது எண்ணிக்கை இல்லை, பார்வை என்பார்.

மூன்றாவது குழுவும் வந்தது. சார் கடைசித் தோளைத் தொட்டார். கணக்கு சரி. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாதப்பன் பெட்ரோமாக்ஸை அணைத்தார். எல்லோரும் அடிவாரத்து டீக்கடைக்கு இறங்கினார்கள். பஸ் அங்கேதான் நின்றது.

கடைசியாக இறங்குவது என் வழக்கம். திரும்பிப் பார்த்தால், வாசலில் ஒரு ஜோடி ஹவாய் செருப்பு. நீல வார், ஒரு பக்கம் ஊக்குப் போட்டுக் கோத்தது.

"சார், ஒரு ஜோடி செருப்பு கெடக்குது."

சார் நின்றார். "கணக்கு சரியா இருக்கே. நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"யாரோ அறுந்துபோச்சுன்னு விட்டுட்டுப் போயிருப்பாங்க சார்" என்று நானே சொன்னேன். சொல்லும்போதே திருப்தி இல்லை. அறுந்த செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலில் இந்தக் கல்லில் யார் இறங்குவார்கள்? சாரும் அதையேதான் யோசித்தார் போல. "கீழ கொண்டு வாங்க. பஸ்ல ஏத்தி இன்னொரு தடவை எண்ணிடுவோம்" என்றார்.

ஏற்றுவதா! அது அவ்வளவு லேசா? பாதிப் பேர் டீக்கடையில், பாதிப் பேர் கொய்யாப்பழக்காரியைச் சுற்றி. நான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு யாருடையது, யாருடையது என்று கேட்டபடி போகிறேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம், டீக்கடையில் பெரிய சண்டை. சண்டையின் நடுவில் டூல்ரூம் முனிராஜ்.

முனிராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடிக்காரர். வீட்டில் கன்னடம், மாமியார் வீட்டில் தெலுங்கு, சண்டைக்குத் தமிழ். உலகத்தில் எந்த விஷயமானாலும் அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். மாதப்பனின் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், கன்னடத்துல சொல்றப்ப என்ன சொன்ன? மைசூர்ப் படை வந்து கோட்டைய புடிச்சுதுன்னு சொன்னியா இல்லியா? தெலுங்குல சொல்றப்ப, நாயக்கரு மைசூர்ப் படைய ஓட ஓட விரட்டுனாருன்னு சொல்ற! எதுய்யா நெசம்?"

மாதப்பன் அசரவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எல்லாரும் டிக்கெட் வாங்கிக்கினுதான் வர்றீங்க. லீவு நாளும் அதுவுமா யாரையாச்சும் தோக்க வுட்டு அனுப்பறது நல்லாவா இருக்கும்?" என்றார்.

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. கன்னடத்தில் கேட்டார், தெலுங்கிலும் கேட்டார். அப்படியானால்?

"முனிராஜ், நீங்க எத்தன தடவை உள்ள போனீங்க?"

"கன்னடத்துல ஒரு தடவை. அவன் கதை எனக்கு நம்பிக்கையா படல மேடம். அதான் தெலுங்கு கூட்டத்தோட இன்னொரு தடவை பூந்துட்டேன்."

"வெளிய வர்றப்ப சார் ரெண்டு தடவையும் தோளத் தொட்டாரா?"

"தொட்டாரே. ரெண்டாவது தடவை சிரிச்சுக்கூட வெச்சேன்."

இந்த எல்லையில் பிறந்தவருக்கு எந்தக் குழுவும் சொந்தக் குழுதான். தடுக்க யாருக்கும் தோன்றாது. ஒரு ஆள் இரண்டு தடவை வெளியே வந்து கணக்கு சரியாகிறது என்றால், இன்னொரு ஆள் வெளியே வரவே இல்லை. கையிலிருந்த செருப்பை உயரத் தூக்கி, "இது யாரோடதுடி?" என்று பெண்கள் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

ஒருத்தி கொய்யாப்பழத்தைக் கீழே போட்டாள். "ஐயோ அக்கா, வெங்கடலட்சுமியோடது. அவ தெலுங்கு கூட்டத்துல போனா. பஸ்ல உக்காந்திருப்பான்னு நெனைச்சோம்."

பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். காலி சீட், அவளுடைய டிபன் பை மட்டும்.

யா அல்லா என்றேன். சம்பத் சார் என் முகத்தையும் முனிராஜையும் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. "நல்லது" என்றார். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறு நிமிஷம் மலை மேல் ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். மாதப்பன் பெட்ரோமாக்ஸுக்குக் காற்று அடித்துக்கொண்டே பின்னால் வந்தார். நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினேன். ஏறும்போது ஒரே ஒரு விஷயம்தான் தலைக்குள் சுற்றியது: குகையின் கடைசியில், திருப்பம் தாண்டி ஒரு குழி உண்டு. முதல் குழுவோடு போனபோது மாதப்பன் காட்டினார். குறுக்கே ஒரு மூங்கில் கழி, அவ்வளவுதான். அடி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று பெருமையாக வேறு சொன்னார்.

இருட்டில் பயந்துபோன பெண் என்ன செய்வாள்? எழுந்து தடவித் தடவி நடப்பாள். எந்தப் பக்கம் வாசல் என்று எப்படித் தெரியும்? அவள் கண்ணுக்குப் பகலிலேயே பஸ் போர்டு தெரியாது. நாராயணப்பா தக்காளிக் கூடையோடு நின்று கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. என்னைப் பார்த்துத்தானே அனுப்பினார்.

கோபாலைத் திட்டவும் முடியாது. டார்ச்சு வெளிச்சம் காலடிக்குத்தான் போதும், பாறை மறைவில் குனிந்திருக்கிற ஆள் எப்படித் தெரியும்?

வாசலில் செருப்பைக் கழற்றாமல் எந்தச் சாமி இடத்துக்குள்ளும் நுழையாதவர் சம்பத் சார். அன்றைக்குப் பூட்ஸ் காலோடு உள்ளே போனார். மாதப்பனும் தடுக்கவில்லை. நான் கத்தினேன், "வெங்கடலட்சுமீ!" குகை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னது. பதில் இல்லை. அம்மன் கல் தாண்டினோம். தண்ணீர் சொட்டும் இடம் தாண்டினோம். திருப்பம் வந்தது. மாதப்பன் விளக்கை உயர்த்தினார்.

பாறை மறைவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. இரண்டு கையும் மடியில், உள்ளங்கை கீழே பார்த்தபடி. லைனில் கரண்ட் போனால் எப்படி உட்காருவாளோ, அப்படியே.

வெளிச்சம் பட்டதும்தான் எழுந்தாள். "அக்கா" என்றாள்.

பளார் என்று ஒன்று வைக்கத்தான் கையை ஓங்கினேன். ஓங்கின கை அவளைச் சுற்றிக்கொண்டது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

"ஏண்டி ஒரு சத்தம் குடுக்கல?"

"குடுத்தேன்கா. தொண்டை கட்டற வரைக்கும் கூப்பிட்டேன். அப்பறம் கொரலே வரல."

நடந்தது இவ்வளவுதான். வெளியில் யாராவது மாப்பிள்ளை ஊர்க்காரர் கண்ணில் பட்டால் வம்பு என்று நாள் முழுக்கக் கண்ணாடியை இடுப்பில் சொருகி வைத்திருக்கிறாள். கோட்டையையும் போட்டோவையும் மங்கலாகவே பார்த்திருக்கிறாள். குகைக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எடுத்து மாட்டியிருக்கிறாள். மாட்டும்போது கை தவறி இடுக்கில் விழுந்துவிட்டது. கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் குனிந்து துழாவியிருக்கிறாள். நிமிர்ந்தால் வெளிச்சம் போயே போய்விட்டது. அவள் கூப்பிட்டது திருப்பம் தாண்டி வாசலுக்கு எட்டவில்லை.

மாதப்பன் நாலு அடி முன்னால் போய் விளக்கைத் தாழ்த்தினார். யார் இடித்ததோ, மூங்கில் கழி ஒரு பக்கம் முறிந்து கிடந்தது. அதற்கப்புறம் குழியின் கறுப்பு. அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சம்பத் சார் அப்போதுதான் தன் பூட்ஸைப் பார்த்தார். வெளியே வரும்போது அம்மன் கல் முன்னால் நின்று, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோ தாயே" என்றார்.

பஸ் கிளம்பியபோது வெயில் இறங்கியிருந்தது. எனக்கு அடுத்த பயம். உத்தனப்பள்ளி நிறுத்தத்தில் நாராயணப்பா நிற்பார்.

"நீங்க என்ன நெனைக்கறீங்க?" என்றார் சார்.

"பஞ்சர்னு சொல்லிடலாம் சார். உள்ளதச் சொன்னா நாளைக்கே நிறுத்திடுவார். அந்தப் பொண்ணு வேலை போயிடும். அவரப் பாத்து மத்த வீட்லயும் பொண்ணுங்கள நிறுத்துவாங்க."

தலையசைத்துக் கேட்டார். கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தார். போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாராயணப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். பஸ் நிற்பதற்குள் சார் இறங்கிவிட்டார். ஒன்று விடாமல் சொன்னார். எண்ணியது நான், தப்பு என்னுடையது என்றார். செருப்பைச் சொன்னார், குழியைக்கூடச் சொன்னார். நான் பின்னால் நின்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லாவிட்டால்தான் என்ன?

நாராயணப்பா சாரைப் பார்க்கவில்லை. மகளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"அந்த இருட்டுல நீ எழுந்து நடக்கலையா?"

"இல்ல நாயனா. கரண்ட் போனா கை மடியில வெச்சு உக்காரணும்னு அக்கா சொல்லியிருக்காங்க. வெளிச்சம் வந்தப்பறம்தான் எழுந்தேன்."

"கண்ணாடி?"

"விழுந்துடுச்சு." இதற்குத்தான் அவள் குரல் உடைந்தது.

அவர் சைக்கிள் மணியை விரலால் தேய்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல நான் ஒண்ணு சொன்னா, ஒரு நாளும் கேட்டதில்லம்மா இவ. உக்காருன்னா எழுந்துப்பா. நீங்க சொன்னா கேக்கறா. திங்கக்கிழமை ஷிப்டுக்கு அனுப்பறேன். கண்ணாடி இன்னொண்ணு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, நல்லதா. மாப்ள வூட்டுக்கு நானே போயி சொல்லிடறேன், எம் பொண்ணு கண்ணாடி போடுவான்னு. வேணாம்னா அவங்களுக்குத்தான் குடுத்து வெக்கல."

மகளைப் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போய்விட்டார். திருப்பத்தில் அவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள், கண்ணாடி இல்லாமல் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்திருக்காது, பஸ்ஸுக்குத்தான் ஆட்டியிருப்பாள்.

நான் படியேறி முதல் சீட்டில் விழுந்தேன். டீக்கடையிலிருந்து அடக்கி வைத்த மூச்சை எல்லாம் அப்போதுதான் விட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அடக்கத் தோன்றவில்லை. சம்பத் சார் ஏறி, பஸ்ஸின் கடைசி வரைக்கும் நடந்து, ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். முனிராஜிடம் வந்ததும் நின்று, இரண்டு தோளையும் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். பிறகு டிரைவரைப் பார்த்துப் போகலாம் என்று கை காட்டினார்.

பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனோம். அப்புறம் பின்னாலிருந்து முனிராஜின் குரல்.

"அது சரி, தமிழ்ல யாரு ஜெயிச்சதா சொன்னான்?"

பஸ் மொத்தமும் மூன்று மொழியிலும் அவரை வாயை மூடச் சொன்னது.